அந்தப் பட்டாம்பூச்சிக்குப் புள்ளிகள் உண்டு

என் மகளைத் தன் மகளாகவே வைத்திருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் என் கையெழுத்துக்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். வரிகள் ஏறியும் இறங்கியும் போகும். சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து நிற்கும், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் மாதிரி. அறுபத்தொன்பது வயதில் பேனா பிடித்த கை. நூலகத்து மாலை வகுப்பு டீச்சரம்மா, "இவ்வளவு அழுத்தாதீங்க ஐயா, பேனா ஒண்ணும் துணி தேய்க்கிற பிரஷ் இல்ல" என்கிறார். அழுத்தாவிட்டால் எழுத்து வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இது நான் என் வாழ்நாளில் எழுதும் முதல் கடிதம். அது உங்களுக்குப் போகிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அதில் போய் இப்படி ஒரு விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறதே என்பதில் அதைவிடப் பெரிய வெட்கம்.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்த பிறகும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டாம்பூச்சிச் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நான் எடுத்த படத்தைத் திரையில் போட்டு நீங்கள் பேசப்போவதாக மகள் சொன்னாள். தயவுசெய்து பேச வேண்டாம். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நான் அயோக்கியன் என்று தோன்றும். வரிசையாகச் சொன்னால் வெறும் முட்டாள் என்று தோன்றும். முட்டாளாகத் தோன்றுவது எனக்குப் பரவாயில்லை, ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். இன்று திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு லாரிக்காரர் சனிக்கிழமை காலை உங்கள் ஊருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் அன்று சாயங்காலம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஐந்து நாள் இருக்கிறது. ஒரு கடிதத்துக்கு ஐந்து நாள் தாராளம்.

போன வருஷம் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, "வேலைய விட்டுட்டு சும்மா உட்காந்திருந்தா ஆளு துருப்பிடிச்சுப் போவீங்க சம்பந்தி, இத வச்சுக்குங்க" என்று உங்கள் பழைய கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனீர்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் பின்பக்கம் கழிவுநீர் ஓடி ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தக் காலி இடத்தில் பட்டாம்பூச்சி கூட்டமாக வந்து உட்காரும் என்று நான்தான் வாய் தவறி உங்களிடம் சொல்லியிருந்தேன். நாற்பது வருஷம் அந்தக் கூடத்தில் துணி வெளுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தவன். அதுவரை எனக்கு அவை பறக்கிற பூச்சி, அவ்வளவுதான். கேமரா வந்த பிறகுதான் அவை என்னைப் படுத்த ஆரம்பித்தன. முதல் மாதம் நான் எடுத்த நானூறு படங்களில் முந்நூற்றுச் சொச்சம், பட்டாம்பூச்சி அப்போதுதான் எழுந்து போன இலைகள். மீதியில் பட்டாம்பூச்சி இருந்தது, ஆனால் யாரோ அதை ஈரக்கையால் தடவிவிட்ட மாதிரி இருந்தது. உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் சிரிக்கவில்லை. தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதை நான் இப்போதும் வரி பிசகாமல் சொல்வேன். "வெயில் ஏர்றதுக்கு முன்னாடி போங்க, குளிர்ல அதுக்கு ரெக்க மரத்திருக்கும், சீக்கிரம் பறக்காது. உங்க நிழல் அது மேல விழக்கூடாது. முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டி வச்சுக்குங்க. ஷட்டர் வேகத்த நொடியில ஆயிரத்துல ஒரு பங்குக்குக் கொண்டு போங்க, அப்பத்தான் உங்க கை நடுங்கினாலும் படம் நடுங்காது. ரெக்க மூடியிருந்தா கேமராவ அதுக்கு நேரா, சுவர்ல கண்ணாடி மாட்டற மாதிரி பிடிங்க, ஒரு ஓரம் தெளிவு ஒரு ஓரம் மங்கல்னு வராது. மூச்ச பாதி விட்டுட்டு நிறுத்துங்க, அப்ப அமுக்குங்க."

எல்லாவற்றையும் செய்தேன். மூச்சை நிறுத்தும் விஷயத்தில்தான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரத்தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை நிறுத்தி ஒரு மஞ்சள் பூச்சிக்காகக் காத்திருந்தேன். பின்வாசல் காவலாளிக்கு என்னைத் தெரியும், நல்ல மனிதர், அதனால்தான் வந்தது வினை. "பெரியவர் விழுந்து கிடக்கறாரு, மூச்சு இல்ல" என்று அவர் கத்தியதில் மூன்று பேர் ஸ்ட்ரெச்சருடன் ஓடி வந்துவிட்டார்கள். நான் பேசினால் பூச்சி பறந்துவிடுமே என்று பேசாமல் இருந்தேன். அவர்கள் அதையும் நோயில் சேர்த்துக்கொண்டு என்னைத் தூக்கிப் போட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அங்கே நர்ஸம்மா, "பெரியவரே, என்ன செய்யுது, சொல்லுங்க" என்று கேட்டபோது நான் முதலில் சொன்னது, "இந்தப் போர்வையில கறை சரியா போகல, திருப்பி அனுப்புங்க" என்பதுதான். நாற்பது வருஷப் பழக்கம் சம்பந்தி. என் கண் மனிதரைப் பார்க்கும் முன்னால் துணியைப் பார்க்கும். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இனி வரப்போகும் குற்றத்துக்கு இதுதான் வேர்.

இன்று புதன்கிழமை. நேற்று முழுவதும் மேலே உள்ள பத்தியிலேயே போய்விட்டது.

அப்புறம் ஒருநாள் காலையில் அந்தச் சின்ன வெள்ளைப் பூச்சி வந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். குழாயடிச் செடியில் இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. நீங்கள் சொன்னபடி நேராகப் பிடித்தேன், மூச்சை அளவோடு நிறுத்தினேன், அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சம்பந்தி, அதன் கண் தெரிகிறது. மீசை இரண்டும் தெரிகின்றன. மீசையில் வெள்ளையும் கறுப்புமாகப் போட்டிருக்கிற வளையம்கூடத் தெரிகிறது. நான் எடுத்தேனா இதை என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அட, இது உங்க கை எடுத்ததா" என்று மட்டும் கேட்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அது இரண்டாவது தடவை.

படத்தைக் கைபேசியில் போட்டு எப்படிச் சீர்செய்வது என்றும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். வேண்டாத ஓரங்களை வெட்டு, இருட்டாக உள்ள இடத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கு, கூர்மையை ஒரு சிட்டிகை கூட்டு, அதற்கு மேல் கூட்டாதே. எல்லாம் செய்தேன். கடைசியாக ஒட்டுப்பிளாஸ்திரி படம் போட்ட ஒரு பொத்தானைக் காட்டி, "இலைல தூசி, அழுக்கு ஏதாவது இருந்தா இதால தொட்டா போதும், காணாமப் போயிடும்" என்று சொல்லியிருந்தீர்கள். இலையில் இரண்டு அழுக்கு இருந்தது. தொட்டேன். போய்விட்டது. சோப்பு இல்லை, கொதிநீர் இல்லை, தேய்ப்பு இல்லை, துணி கிழியவில்லை, கை வெடிக்கவில்லை. தொட்டால் போகிறது. நாற்பது வருஷம் கறையோடு மல்லுக்கட்டினவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. உட்கார்ந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அடுத்ததாகப் பார்த்தால், வெள்ளை இறக்கையில் கறுப்புக் கறுப்பாகப் பதினொரு கறை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும்.

எடுத்துவிட்டேன் சம்பந்தி. பதினொன்றையும் எடுத்துவிட்டேன். எப்போதும் செய்கிறபடி ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்குப் போனேன், நடுவில் ஆரம்பித்தால் கறை வட்டமாகப் பரவும். அந்தப் பூச்சி கழிவுநீர்ப் பக்கம் உட்கார்கிறதே, சேறு தெறித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். படம் எடுக்கும்போதே சுத்தமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அதற்காக வருத்தம்கூடப் பட்டேன். வேலை முடிந்து பார்த்தபோது இஸ்திரி போட்டு அடுக்கின தலையணை உறை மாதிரி பளிச்சென்று இருந்தது. உடனே உங்களுக்கு அனுப்பினேன்.

நீங்கள் இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டீர்கள். "சம்பந்தி, என்ன எடுத்திருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு? இருபது வருஷமா எங்க சங்கத்துல ஒருத்தர் கண்ணுலயும் படாத உருப்படி இது" என்றீர்கள். நான் அதைப் படத்துக்கான பாராட்டு என்று நினைத்தேன். வெளுப்புக்கான பாராட்டு என்றும் கொஞ்சம் நினைத்தேன். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்று அடக்கமாகச் சொன்னேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிறு நீங்களும் உங்கள் சங்கத்துப் பல் டாக்டரும் வந்து இறங்கினீர்கள். ஆளுக்கொரு கேமரா, என் கை நீளத்துக்கு லென்ஸ். சலவைக்கூடத்தின் பின்னால் மூன்று மணி நேரம் குனிந்தே நின்றீர்கள். நான் தேநீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். புள்ளி வைத்த வெள்ளைப் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு உங்கள் மூக்குக்கு முன்னால் பறந்தன. "இது இல்ல, இது இல்ல" என்று கையால் ஒதுக்கினீர்கள். பாவம், இவர்களும் அழுக்கில்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, "கெடச்சத எடுத்துட்டு அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாமே" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பல் டாக்டர் கை காட்டி அடக்கிவிட்டார். அன்றைக்கு அந்த மனிதர் மட்டும் என்னைப் பேச விட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பிறகு டாக்டரும் நானும் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால் நீங்கள் செடிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறீர்கள், முகமெல்லாம் வெளிச்சம். "பாத்துட்டேன் சம்பந்தி. இதோ இந்த இலைல உட்காந்துச்சு. சுத்த வெள்ள. கேமராவத் தூக்கறதுக்குள்ள போயிடுச்சு" என்றீர்கள். டாக்டர் முகம் தொங்கிப்போனது. அவர் தன் லென்ஸை ஒரு தடவை துடைத்துவிட்டு, "அந்த மதில் பக்கம் நான் வந்ததுமே பாத்தேன். ரெண்டு" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம். எங்கள் சாக்கடைக்கு இவ்வளவு மரியாதையா என்று.

இன்று வெள்ளிக்கிழமை. வேகமாக எழுத வேண்டும், ஆனால் வேகமாக எழுதினால் எனக்கே வாசிக்க வரவில்லை.

போகும்போது நீங்கள் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தீர்கள். "இப்பத்தான் வாசிக்கக் கத்துக்கிட்டீங்களே, உங்களுக்குத்தான்" என்று முதல் பக்கத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தீர்கள். பட்டாம்பூச்சிகளைப் பற்றிய புத்தகம். சம்பந்தி, சலவைக்கூடத்தில் எந்த விரிப்பு எந்த வார்டுக்கு என்று எழுதியிருப்பார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததால் நான் மட்டும் ஓரத்தில் கலர் நூல் தைத்து அடையாளம் வைத்துக்கொள்வேன். அப்படி இருந்தவனுக்கு ஒருவர் பேர் எழுதிப் புத்தகம் கொடுக்கிறார். நான் அதைத் தினமும் காலையில் கை கழுவிவிட்டு எடுப்பேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். முப்பத்தாறாம் பக்கத்துக்கு வந்தபோது அந்த வெள்ளைப் பூச்சியின் படம் இருந்தது. பெயர் நீளமானது, இங்கே எழுதிப் பார்த்தேன், தாள் போதவில்லை. அதன் கீழே எழுத்துக் கூட்டி வாசித்தேன். "பின் இறக்கையின் அடிப்புறத்தில்" என்று ஒரு நிமிஷம். "கறுப்புப் புள்ளிகள்" என்று ஒரு நிமிஷம். "பதினொன்று காணப்படும்" என்று வாசித்து முடித்தபோது எனக்கு உட்கார்ந்த நாற்காலி கீழே போகிற மாதிரி இருந்தது. தப்பாக வாசித்துவிட்டேனோ என்று மறுபடி வாசித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு எழுத்துகூடத் தப்பாமல் வாசித்திருக்கிறேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "நாப்பது வருஷம் ஊரார் கறையெல்லாம் எடுத்தீங்க. கடைசில பூச்சியக்கூட விட்டு வைக்கலியா" என்றாள். பிறகு, "மக அந்த வீட்டுல இருக்கா, ஞாபகம் வச்சுக்கிட்டு பேசுங்க" என்றாள். அதற்குப் பிறகு மூன்று தடவை உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று தடவையும் நான் வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள், "சம்பந்தி, தலைவரே வர்றாராம் கூட்டத்துக்கு" என்றும், "சம்பந்தி, படத்தப் பெருசா அச்சடிச்சிருக்கோம்" என்றும், "உங்க பேருதான் முதல்ல" என்றும் ஆரம்பித்துவிட்டீர்கள். சரி சரி என்று வைத்துவிட்டேன். வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று வியாழன் முழுக்க யோசித்தேன். நான் எடுத்தது புள்ளியுள்ள பூச்சி. ஆனால் நீங்கள் புள்ளியில்லாததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னீர்கள். நீங்கள் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். உங்கள் கண் என்ன, என் கண் என்ன. உலகத்தில் அப்படி ஒன்று இருக்கக்கூடாது என்று சட்டமா. அது வேறு பூச்சியாக இருக்கலாம். வெயில் பட்டுப் புள்ளி தெரியாமல் போயிருக்கலாம். நான் எதுவும் சொல்லவில்லை. என் படம் மட்டும் பொய் என்று நீங்கள் சங்கத்தில் சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்த்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பல் டாக்டர் பார்த்த இரண்டைப் பற்றியும் கேட்க மாட்டார்கள்.

அசல் படம் கேமராவுக்குள் அப்படியே இருக்கிறது. பதினொன்றும் இருக்கின்றன. அதை அழித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒருநாள் பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டேன். எடுத்தால் போய்விடுகிற அழுக்கு எது, போகாதது எது என்று அந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரியாதா. கேமராவில் படம் பதிகிற அந்தச் சின்ன அட்டையை எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

என் மகளை இதற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், தலை நிமிர்ந்து சொல்ல முடியாததால் குனிந்தபடியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: இன்று ஞாயிறு சாயங்காலம். நேற்றுக் காலை லாரிக்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது நான் பல் டாக்டர் பார்த்த இரண்டைப் பற்றிய வரியில் இருந்தேன். "ஒரு நிமிஷம் தம்பி, முடிக்கப் போறேன்" என்றேன். அவர் ஒரு தேநீர் குடிக்கிற நேரம் காத்திருந்தார். இரண்டாவது தேநீரும் குடித்தார். "பெரியவரே, சரக்கு அழுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சற்று முன்னால் மகள் கூப்பிட்டாள். கூட்டம் முடிந்துவிட்டதாம். "அப்பா, மாமா மேடையில என்ன பண்ணாங்க தெரியுமா" என்றாள். என் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நீங்கள் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்று, "இந்தப் பூச்சிய நானும் பாத்தேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேன். அது பொய். நான் பாக்கல. கேமரா குடுத்தவன் நான், சொல்லிக் குடுத்தவன் நான், எனக்குக் கெடைக்காம அவருக்குக் கெடச்சுதேன்னு வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன். ஆனா படத்தச் சந்தேகப்படாதீங்க. என் சம்பந்திக்குப் பொய் பண்ணத் தெரியாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றீர்களாம். எல்லோரும் கை தட்டினார்களாம். அதற்குப் பிறகு பல் டாக்டர் எழுந்து, தானும் மனசாட்சிப்படி ஒன்று சொல்ல வேண்டும் என்று சொல்லி, "நானும் ரெண்டு பாக்கல, ஒண்ணுதான் பாத்தேன்" என்றாராம்.

சம்பந்தி, நான் மேலே எழுதினதெல்லாம் உங்கள் பொய்க்கு மேல் பக்குவமாகப் போட்ட போர்வை. நீங்கள் அதை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டுவிட்டீர்கள். உள்ளே இப்போது என் பொய் மட்டும் கிடக்கிறது, அதற்கு நீங்கள் பொறுப்பு வேறு ஏற்றிருக்கிறீர்கள். நீங்கள் மேடையில் சொன்னதை நான் ஒட்டின உறைக்குள் சொல்லித் தப்பிப்பது நியாயமில்லை. இந்தக் கடிதம் உங்களுக்கு. அடுத்த வாரம் சங்கத்துக்கு ஒன்று எழுதுகிறேன், இரண்டே வரி. அதை யாரிடமும் கொடுத்தனுப்பப் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு நானே வந்து, மேடையில் நின்று, எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். இரண்டு வரிக்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிற பல் டாக்டரை, அன்றைக்கு நான் முடிக்கிற வரைக்கும் மட்டும் மூடிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.